நிலத்தை வகுக்கும் படிப்பு எது?

பட்டப் பரீட்சையின் முடிவுகள் வெளியாகும் மாதங்களில் கிராமத்துத் திண்ணைகளில் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே. பையனோ பெண்ணோ நான்கு வருஷம் படித்தாயிற்று. இனி மேலே என்ன? அதிலும் விவசாயப் பட்டமோ, சிவில் எஞ்சினீயரிங் பட்டமோ, பூகோளப் பட்டமோ பெற்றவர்கள் ‘நிலப் பயன்பாட்டுத் திட்டம்’ என்னும் துறையில் மேற்பட்டம் பெறுவதைப் பற்றி விசாரித்து வருகின்றனர். எந்த நிலம் வயலாக நிற்பது, எது மனையாவது, எது காடாகவும் மேய்ச்சற் தரையாகவும் விடப்படுவது என்பதை ஆராய்ந்து வகுப்பதே இத்துறை. விசாரிப்பவர்களிற் பலர் படிப்பின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகின்றனர். இரண்டு வருஷமும் கணிசமான பணமும் செலவான பின்னரே, தாம் புக நினைத்த வாசல் வேறு, புகுந்த வாசல் வேறு என்பதை அறிந்து வருந்துகின்றனர். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பயன்படும்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் ஏரிப் பாசனமுள்ள ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்வோம். அங்கே இரண்டேகால் ஏக்கர் நஞ்சையும் ஒரு ஏக்கர் புஞ்சையும் உடைய குடியானவர் ஒருவரின் பெண் பி.எஸ்ஸி. விவசாயப் பட்டம் பெற்றிருக்கிறாள். நஞ்சை பெரிய ரஸ்தாவை ஒட்டியது. ஆகவே மனை வியாபாரி ஒருவர் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். அதை விற்றால் பெண்ணின் மேற்படிப்புச் செலவு ஒரே தடவையில் தீர்ந்துவிடும். தகப்பனாருக்கு மனமில்லை, ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை. ரிஜிஸ்டிரார் ஆபீஸில் எழுத்து வேலை செய்யும் தாய்மாமனோ, “ஏம்மா, மண்ணைத் தோண்டவா இத்தனை படிப்பு? பிளான் போடுகிறவர் கையில் அல்லவா இன்று ஊர் இருக்கிறது!” என்கிறார். “பிளான் போடுகிறவர் நம் ஏரி மதகைப் பார்த்தாரா, மாமா?” என்று பெண் கேட்கிறாள். இவ்விருவர் பேச்சிலும் உண்மை உண்டு. இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலுள்ள சிக்கல் முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது.

நிலத்தை வகுப்பது இந்நாட்டுக்குப் புதியதன்று. மேட்டில் நத்தம், அதையடுத்துக் களமும் தோப்பும், நீர் வந்து சேரும் இடத்தில் ஏரி, ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு, தண்ணீர் ஏறாத மேட்டில் புஞ்சை, அதற்கும் அப்பால் மேய்ச்சற் புறம்போக்கு என்று முன்னோர் வகுத்து வைத்த கிராமங்கள் இன்றும் எத்தனையோ. பின்னர் ரயத்துவாரி செட்டில்மெண்டு நடைபெற்றபோது மண்ணின் இனமும் ஏட்டில் ஏறியது. ‘அ’ பதிவேடு என வழங்கும் கிராமக் கணக்கைப் புரட்டினால், ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நேரே ‘மண் வயனமும் ரகமும்’, ‘தரம்’, ‘தீர்வை’ என்ற கலங்கள் இருப்பதைக் காணலாம். கரிசலா, செம்மண்ணா, வண்டலா, அதிலும் களியா, மணலா என்பதைப் பார்த்து இலக்கமிட்டிருக்கின்றனர். தீர்வை விதிப்பதற்காகச் செய்த வகுப்பே அது. எனினும், பட்டா மாறுதலுக்காக அப்பதிவேட்டின் நகலை வாங்குகிறவர்களில் அக்கலத்தைப் படிப்பவர் ஆயிரத்தில் ஒருவர் கூட இரார்.

இப்போது இதைப் பேசவேண்டிய அவசரம் என்னவென்றால், 2022-ம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் விஸ்தீரணம் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு! திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு ஜில்லாக்களின் பெரும்பகுதியும், ராணிப்பேட்டை ஜில்லாவில் அரக்கோணம் பக்கமும் இதில் அடங்கின. இவை ஏரிகள் நிறைந்த நாடு. தமிழ்நாட்டில் உள்ள முப்பத்தொன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளில் மிகப் பழமையானவையும், ஒன்றன் கலிங்கு நீர் அடுத்ததற்கு வரத்தாக அமைந்த தொடர் ஏரிகளும் இப்பகுதியில் ஏராளம். பெருநகர்ப் பகுதிக்குள் வந்த கிராமத்தில் எந்தச் சர்வே நம்பர் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு என்பதை இனிப் பெருந்திட்டத்தின் படமே சொல்லும். அந்தப் படத்தை வரையும் மேசையில் மண்ணும் நீரும் அறிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பாரா என்பதே கேள்வி.

உட்காராவிட்டால் விளைவதைச் சென்னையின் தெற்குப் பக்கம் அநுபவித்து அறிந்திருக்கிறது. வேளச்சேரி ஏரியின் கீழ் ஒரு காலத்தில் நெல் விளைந்த தாழ்நிலம் வீடுகளாயிற்று. மழைநீர் வடிந்து நின்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள் கட்டடங்களாயின. 2015-ம் ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தபோது, தண்ணீர் தான் பழகிய இடத்திற்கே சென்றது; அங்கே வீடுகள் இருந்தன. சதுப்பில் எஞ்சிய 1,247 ஹெக்டேர் 2022-ம் ஆண்டில் சர்வதேச ராம்சார் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. ஆயக்கட்டில் வீடு கட்டியவர்கள் வயலுக்குத் திறக்கும் மதகை மூடச்சொல்வர். மழைக்காலத்தில் கலிங்கை வெட்டிவிடச் சொல்வர். இவ்விரண்டும் நடந்தபின் ஏரி, ஏரியாக இராது.

இனிப் படிப்பின் விஷயத்துக்கு வருவோம். நிலப் பயன்பாட்டைக் கற்பிக்கும் இடங்கள் இந்நாட்டில் இரண்டு பெரிய குடும்பங்களாக இருக்கின்றன. ஒன்று விவசாயக் கல்லூரிகளின் மண்ணியல் குடும்பம். மற்றொன்று கட்டடக் கலை, நகர நிர்மாணம் ஆகியவற்றைச் சேர்ந்த திட்டக் குடும்பம். இவை ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் வாங்குவது அபூர்வம். இதன் பலனைப் படங்களிலேயே பார்க்கலாம். நகரப் பெருந்திட்டப் படத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், வியாபாரத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று நுட்பமாகப் பிரித்திருப்பர். விவசாயத்துக்கு மட்டும் ஒரே பச்சை. அந்தப் பச்சைக்குள் முப்போகம் விளையும் வண்டலும் இருக்கும், உப்புப் பூத்த களரும் இருக்கும். படம் வேற்றுமை சொல்லாது. மண் படத்தை எடுத்தாலோ, மண் தொடர்கள் பலவாகப் பிரிந்து கிடக்கும். ஆனால் எந்த ஊர் வளர்கிறது, புது ரஸ்தா எங்கே போகிறது, மக்கள் எங்கே குடியேறுகின்றனர் என்பது அதில் இராது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தெரிந்தவரே இப்போது தேவை. அத்தகையவரை நேராக உருவாக்கித் தரும் ஒரே படிப்பு அருமை. ஆதலால், மாணவர் ஒரு குடும்பத்தில் புகுந்து, மற்றதிலிருந்து வேண்டியதைத் தாமே சேகரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் மண்ணியல் வழி. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-ம் ஆண்டில் ஏற்பட்டதெனினும், அதன் வேர் 1868-ம் ஆண்டில் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளியில் இருக்கிறது. 1906-ம் ஆண்டில் அது கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கே மண்ணியலிலும் விவசாய ரசாயனத்திலும் எம்.எஸ்ஸி. பட்டம் உண்டு. விவசாயப் பட்டதாரிக்கு இது தடையற்ற வழி. இதில் எருவும் பயிர்ச்சத்தும் பற்றிய பாடங்கள் மிகுதி. மண்ணின் பிறப்பு, வகைப்பாடு, நில மதிப்பீடு ஆகியவை ஒரு பகுதியே. ஆகவே நிலத்தை வகுப்பதில் நாட்டமுள்ளவர் சேரும்போதே ஆராய்ச்சிக் கட்டுரையை எந்தப் பகுதியில் எழுதுவது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். யூரியாவின் அளவைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் பட்டம் பெறலாம். ஓர் ஊரின் நிலத்தை வகுக்கும் திறமை அதனால் வாராது.

இவ்வழியில் இந்தியாவின் தலைமை ஸ்தாபனம் நாகபுரியில் 1976-ம் ஆண்டு முதல் தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்ட நிலையமாக இயங்கிவருவது. பெங்களூர், டில்லி, கல்கத்தா, ஜோர்ஹாட், உதயபுரி ஆகிய இடங்களில் இதற்குப் பிராந்திய நிலையங்கள் உண்டு. அகோலாவிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நில வள நிர்வாகம் என்னும் துறையில் மேற்பட்டப் படிப்பை இந்நிலையம் நடத்தி வந்திருக்கிறது. பெயரிலேயே நிலப் பயன்பாட்டைத் தாங்கிய நிலையம் இது. வெளி மாகாண விவசாயக் கல்லூரிகளில் இடம்பெற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்தியப் பரீட்சையை எழுதவேண்டும். அதில் உயர்ந்த ஸ்தானம் பெறுவோருக்கு உபகாரச் சம்பளமும் உண்டு.

மண்ணியலை நன்கு கற்பிக்கும் இடத்தின் அடையாளம் குழி. ஆய்வுக்கூடத்தில் எத்தனை யந்திரம் இருக்கிறது என்பதைக் காட்டிலும், மாணவர் ஒரு வருஷத்தில் எத்தனை மண் குழியில் இறங்குகிறார் என்று விசாரிப்பதே சிறந்தது. ஐந்தாறு அடி ஆழத்துக்கு, அல்லது பாறை தட்டும் வரையில் வெட்டி, அடுக்கு அடுக்காக மண்ணைப் பார்ப்பது. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாபோல் நீட்டிக் களியின் அளவை அறிவது. நிறத்தை மன்செல் வர்ணப் புத்தகத்தோடு ஒத்திடுவது. நீர்த்த அமிலத்தை விட்டு நுரைக்கிறதா என்று பார்த்துச் சுண்ணாம்பைக் கண்டுபிடிப்பது. இவற்றைப் புத்தகத்தால் கற்க இயலாது. இவ்விதம் பார்த்தே மண் தொடர்களைப் பிரித்து, முதலில் கண்ட ஊரின் பெயரை இடுகின்றனர். செம்மண்ணுக்கு இருகூர்த் தொடர், கருமண்ணுக்குப் பெரியநாயக்கன்பாளையத் தொடர், தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணுக்குக் களத்தூர்த் தொடர் என்பன அவ்வாறு வந்தவை. இருகூரிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் இன்று குழி வெட்ட வெறும் நிலம் தேடுவதே கஷ்டம். வீடுகளும் பட்டறைகளும் நிறைந்துவிட்டன. பெயர் மட்டும் மண்ணியற் புத்தகத்தில் வாழ்கிறது.

நில மதிப்பீட்டில் இரண்டு முறைகளை மாணவர் தெளிவாக அறிய வேண்டும். அமெரிக்க விவசாய இலாகா வகுத்த திறன் முறை நிலத்தை எட்டு வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் நான்கும் உழவுக்கு ஏற்றவை, பின் நான்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் உரியவை. 1976-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் வெளியிட்ட முறை வேறு. அது ‘நல்ல நிலமா?’ என்று கேட்பதில்லை. ‘எதற்கு நல்ல நிலம்?’ என்று கேட்கிறது. பருத்திக்கும் சோளத்துக்கும் சிறந்த கரிசல், ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால் வீட்டுச் சுவரைப் பிளந்துவிடும். பயிருக்கு உதவாத சரளை மேடு வீட்டுக்கு உறுதியான கடைக்காலாகும். இவ்வுண்மையை அறிந்து திட்டமிட்டால் குடியானவரும் வீடு கட்டுபவரும் பகையாக வேண்டியதே இல்லை. ஆனால் மனை பிரிப்பவருக்கு நஞ்சையே பிடிக்கிறது. சமமானது, ரஸ்தா ஓரத்தில் உள்ளது, கிணறு வெட்டினால் தண்ணீர் அருகில். அவர் பேரில் குற்றமில்லை. மேட்டு நிலத்துக்கு ரஸ்தா போட்டுத் தரத் திட்டமிடாதவர் பேரில்தான் குற்றம்.

அடுத்தது திட்ட வழி. எம்.பிளான் எனப்படும் இப்பட்டத்துக்கு நான்கு பருவம், இரண்டு வருஷம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலை, திட்டப் பள்ளியிலும், டில்லியிலுள்ள திட்டம், கட்டடக் கலைப் பள்ளியிலும் இதைக் கற்கலாம். டில்லிப் பள்ளி 1941-ம் ஆண்டில் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1955-ம் ஆண்டில் ஏற்பட்ட நகர, கிராமத் திட்டப் பள்ளியோடு பிறகு இணைந்தது. போபாலிலும் விஜயவாடாவிலும் 2008-ம் ஆண்டில் இதுபோன்ற பள்ளிகள் ஏற்பட்டன. காரக்பூர் ஐ.ஐ.டி.யிலும், அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. நகரம், போக்குவரத்து, வீட்டு வசதி, சுற்றுச்சூழல், பிராந்தியம் என்று இப்பட்டத்தில் கிளைகள் பல. கிராம நிலத்தில் அக்கறையுள்ளவருக்குப் பொருந்துவன கடைசி இரண்டுமே. ‘நகரத் திட்டம்’ என்ற பெயருக்கு மதிப்பு அதிகம் என்று எண்ணி அதில் சேர்ந்துவிட்டு, பஸ் போக்குவரத்துக் கணக்கில் இரண்டு வருஷம் கழிப்பதில் பயனில்லை.

இங்கேதான் விவசாயப் பட்டதாரி விழிப்பாயிருக்க வேண்டும். எம்.பிளான் படிப்பு பொதுவாகக் கட்டடக் கலை, திட்டம், சிவில் எஞ்சினீயரிங் பட்டதாரிகளையும், பூகோளம், பொருளாதாரம், சமூகவியல் முதலியவற்றில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. தேறியவர்களையும் கருதி அமைந்தது. பி.எஸ்ஸி. விவசாயம் மட்டும் பெற்றவரைச் சேர்ப்பது ஸ்தாபனத்துக்கு ஸ்தாபனம் வேறுபடும். ஒவ்வொன்றின் அந்த வருஷத்து விவரப் புத்தகத்திலும் ‘சேரத் தகுதி’ என்ற பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே மனுக் கட்டணம் செலுத்த வேண்டும். தரகர் வாக்கையோ, சென்ற வருஷம் சேர்ந்தவரின் நினைவையோ நம்பலாகாது. விதி இடங்கொடாத இடத்தில் கட்டிய பணம் திரும்புவதில்லை.

ஆனால் தாய்மாமன் சொன்னதையும் தள்ளிவிடுவதற்கில்லை. சட்டத்தின் அதிகாரம் திட்ட வழியில் இருக்கிறது. 1920-ம் ஆண்டுச் சென்னை நகரத் திட்டச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1971-ம் ஆண்டுத் தமிழ்நாடு நகர, ஊரமைப்புச் சட்டத்தின்படியே பெருந்திட்டங்கள் தயாராகின்றன. திட்டப் பகுதிக்கு வெளியிலுள்ள விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றுவதற்கான விதிகளும் 2017-ம் ஆண்டில் இதே சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டன. அதற்கு முந்திய வருஷம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்ததையும், ரிஜிஸ்டிரார் ஆபீஸ்கள் வெறிச்சென்றிருந்ததையும் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவேரி டெல்டாவுக்கென 2020-ம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அச்சட்டம் எண்ணெய், எரிவாயு எடுத்தல், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற குறிப்பிட்ட தொழில்களைத் தடுக்கிறது. வயல் வீட்டு மனையாவதை அந்த ஜாபிதா தொடவில்லை. இந்த வேற்றுமையைப் படித்தறிந்து ஊராருக்குச் சொல்லக்கூடியவர் இன்று ஒரு தாலூகாவுக்கு ஒருவர் கூட இல்லை. மண் மட்டும் கற்றவருக்கு இது தெரியாது. ஆகவே மண்ணியல் வழியிற் சென்றவர், திட்டச் சட்டத்தையும் வருவாய்க் கணக்கையும் தனியாகவேனும் படித்தே ஆகவேண்டும்.

மூன்றாவது ஒரு வழி, விண்கலப் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுப் படிப்பு. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிலையம் 1966-ம் ஆண்டில் டச்சுக்காரர் உதவியோடு தொடங்கியது; அண்ணா பல்கலைக்கழகத்திலும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இத்துறைகள் உண்டு. வேலைக்கு உதவும் வித்தைதான். எனினும் இது கருவி. கருவியைப் படிப்பாக எண்ணி மயங்குவோர் மிகுதி. கம்ப்யூட்டரில் வண்ணப்படம் தயாரிப்பவர், அப்படத்தின் அளவைக் கூட எண்ணிப் பாராமல் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர்.

அளவு என்பது விளையாட்டன்று. 1-க்கு 2,50,000 என்ற அளவில் வரைந்த மண் படத்தில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டரைக் குறிக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 625 ஹெக்டேர், அதாவது ஆயிரத்தைந்நூறு ஏக்கருக்கு மேல் அடங்கிவிடும். ஒரு கிராமமே அதற்குள் மறைந்துபோகலாம். அப்படத்தில் மேற்சொன்ன குடியானவரின் இரண்டேகால் ஏக்கர் குண்டூசி குத்திய புள்ளியளவு. மாகாணம் முழுமைக்கும் எந்தப் பயிரை எங்கே ஊக்குவிக்கலாம் என்று யோசிக்க அது உதவும். ஒரு வயலின் கதியை நிர்ணயிக்க உதவாது. 1-க்கு 10,000 என்ற அளவில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு ஹெக்டேராகும். அங்கே அந்த நஞ்சை கண்ணுக்குத் தெரியும். கர்நாடகத்தில் சுஜலா திட்டத்தின் மூன்றாவது கட்டத்தில் 1-க்கு 7,920 என்ற அளவில், சர்வே நம்பர் வாரியாக நில வளக் கணக்கு எடுத்தனர். எந்தப் பள்ளியில் மாணவரைச் சர்வே நம்பர் அளவுக்கு இறங்கி வேலை செய்யச் சொல்கின்றனரோ, அது பெயர் குறைந்த பள்ளியானாலும் மேல்.

சேருமுன் அப்பள்ளியின் நூல்நிலையத்துக்கு ஒரு தடவை போய், சென்ற ஐந்து வருஷத்து மாணவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்புகளைப் பார்ப்பது நலம். விவரப் புத்தகத்திலுள்ள புகைப்படங்கள் சொல்லாததை அத்தலைப்புகள் சொல்லிவிடும். ஏரி, ஆயக்கட்டு, நகரத்தின் ஓரக் கிராமம், களர் நிலம் என்பன தலைப்புகளில் வருகின்றனவா? வந்தால் வழிகாட்டும் ஆசிரியர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். ஒருவர் கூட இல்லாவிட்டால், மாணவரின் ஆர்வம் முதற் பருவத்தோடு ஆறிவிடும்.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹாலந்தில் வாகனிங்கன் விவசாய சர்வகலாசாலையும், என்ஸ்கெடேயில் ட்வென்டே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஐ.டி.சி. நிலையமும் இத்துறையில் உலகப் பிரசித்தி பெற்றவை. ஐ.டி.சி. 1950-ம் ஆண்டு முதல் ஏழை நாடுகளிலிருந்து வரும் உத்தியோகஸ்தர்களுக்கு நில அளவை, நிலப்படக் கலையைக் கற்பித்து வருகிறது. கடலுக்குக் கீழான நிலத்தை வகுத்துப் பிழைத்த நாட்டினரிடம் கற்க நிரம்ப உண்டு. ஆனால் உபகாரச் சம்பளமின்றிச் சொந்தச் செலவில் போகத்தக்க படிப்பன்று. சில வருஷம் இங்கே வேலை பார்த்து, விடை தேடும் கேள்வி ஒன்றைக் கையில் கொண்டு போனவர்களே அதனால் பயனடைகின்றனர்.

உத்தியோகம் எப்படி என்று கேட்பது நியாயமே. நகர ஊரமைப்பு இலாகாவிலும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் திட்ட அதிகாரியாக விரும்புவோருக்கு எம்.பிளான் போன்ற திட்டப் பட்டமே கைகொடுக்கும். 1951-ம் ஆண்டில் ஏற்பட்ட இந்திய நகரத் திட்ட வல்லுநர் கழகம் அப்படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். விவசாய இலாகாவில் அதிகாரியாவதற்கு விவசாயப் பட்டமே ஆதாரம். மண் ஆராய்ச்சி ஸ்தாபனங்களில் விஞ்ஞானியாக நினைப்பவர் இரண்டு வருஷத்தோடு கணக்கை முடிக்காமல் டாக்டர் பட்டத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். பெண்ணின் கலியாணத்தைப் பற்றிய பேச்சையும் வீட்டார் அதற்கேற்ப ஒத்திவைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படிப்புக்காக ஆயக்கட்டு நிலத்தை விற்பது எந்த வழியிலும் தேவைப்படாது. ‘கேட்’ பரீட்சையில் தேறி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.டெக்., எம்.பிளான் போன்றவற்றில் சேர்ந்தவர்களுக்கு இருபத்துநான்கு மாதம் வரை மாதம் ரூ. 12,400 உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. விவசாய வழியில் உள்ள உபகாரச் சம்பளம் மேலே கூறப்பட்டது. இவை கிடையாவிட்டாலும் பாங்கிக் கல்விக் கடன் இருக்கிறது; கடனை அடைத்துவிடலாம், மனையான நஞ்சையை மீட்பதற்கில்லை. நிலத்தைக் காக்கும் வித்தையைக் கற்பதற்காக நிலத்தை விற்றதாக ஒரு வீட்டில் கதை நடக்க வேண்டாம்.

மேற்சொன்ன பெண்ணின் விஷயத்தில் காலமும் ஒன்று இருக்கிறது. ‘கேட்’ பரீட்சை பிப்ரவரி மாதத்தில் நடைபெறுவது; மனுச் செய்யும் காலம் முந்திய வருஷத்து ஆவணி, புரட்டாசியோடு முடிந்துவிடும். பட்டம் பெற்ற பிறகு யோசிக்கத் தொடங்கியவருக்கு அவ்வழி அடுத்த வருஷத்துக்கே திறக்கும். இவ்வருஷம் அவளுக்கு நேராகத் திறந்திருப்பது மண்ணியல் வாசல். தன் ஊர் ஏரியின் ஆயக்கட்டையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள ஆசிரியர் இசைந்தால் அதைக் காட்டிலும் நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியவை கிராமப் படம், புல வரைபடங்கள், ‘அ’ பதிவேட்டின் நகல், அடங்கல் ஆகியன. தாலூகா ஆபீஸில் இவற்றை எந்தக் கிளார்க்கிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது மண்ணியற் பேராசிரியருக்குத் தெரியாமற் போகலாம்; ரிஜிஸ்டிரார் ஆபீஸ் தாய்மாமனுக்கு அது நன்றாகத் தெரியும்.